பழைய கேம் வாங்குமுன், விற்குமுன்: எது கை மாறும், எது மாறாது?

புதிதாக வரும் பெரிய பிளேஸ்டேஷன் 5 கேம் ஒன்றின் விலை இந்தியாவில் 5,000 ரூபாயை ஒட்டி நிற்கிறது. நாலு கேம் வாங்கினால் 20,000 போய்விடும். அதனால் புதிதாக ஆட வருகிறவர்கள் பலரும் செகண்ட் ஹேண்ட் பக்கம் பார்வையைத் திருப்புகிறார்கள். நல்ல முடிவு. ஆடி முடித்த கேமை விற்று, வந்த காசோடு கொஞ்சம் போட்டு அடுத்ததை வாங்கும் வழக்கம் இல்லையென்றால், மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு கன்சோல் கேம் எட்டாக்கனிதான்.

ஆனால் விவரம் தெரியாமல் இறங்கினால் காசு போகும். பெட்டியைத் திறந்தால் டிஸ்க்குக்குப் பதில், யாரோ பயன்படுத்தித் தீர்த்த கோட் அச்சிட்ட சீட்டு இருக்கும். டிஸ்க் இருக்கும், அந்த கேமின் சர்வரை மூடி ஒரு வருடம் ஆகியிருக்கும். பி.சி. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் பத்து வருடமாகச் சேர்த்த கேம்களை விற்கலாம் என்று தேடினால், அதற்கு வழியே இருக்காது.

எல்லாவற்றுக்கும் காரணம் டி.ஆர்.எம். விலை கொடுத்தவரைத் தவிர மற்றவர் கேமை ஓட்டக் கூடாது என்று நிறுவனங்கள் போடும் மின்னணுப் பூட்டு அது. திருட்டு காப்பியைத் தடுக்க என்றுதான் வந்தது. காசு கொடுத்து வாங்கியவர் தன் பொருளை அடுத்தவருக்கு விற்பதையும் அதே பூட்டு பல இடங்களில் தடுத்துவிடுகிறது. அதனால் எந்த கேமைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: இந்தப் பூட்டின் சாவி எங்கே இருக்கிறது? டிஸ்க்கிலா, யாருடைய கணக்கிலா, நிறுவனத்தின் சர்வரிலா?

முதல் படி: சாவி இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பிளேஸ்டேஷன் 4, 5, எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்குகளிலும் நின்டெண்டோ ஸ்விட்ச் கார்டுகளிலும் பெரும்பாலும் சாவி அந்தப் பொருளிலேயே இருக்கிறது. கேம் முழுவதையும் கன்சோலில் ஏற்றிய பிறகும், ஒவ்வொரு முறை ஆடும்போதும் டிஸ்க்கைப் போடச் சொல்லும். புதியவர்களுக்கு இது தொல்லையாகத் தெரியும். உங்கள் கேமுக்கு மறுவிற்பனை மதிப்பு இருப்பதே இந்தத் தொல்லையால்தான். டிஸ்க் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஆட முடியும். நீங்கள் விற்றுவிட்டால் உங்கள் கன்சோலில் ஓடாது, வாங்கியவருடையதில் ஓடும்.

பிளேஸ்டேஷன் ஸ்டோர், எக்ஸ்பாக்ஸ் ஸ்டோர், நின்டெண்டோ இ-ஷாப், ஸ்டீம், எபிக் போன்றவற்றில் டவுன்லோடு செய்து வாங்கினால் சாவி உங்கள் கணக்கில் ஏறிவிடும். அங்கிருந்து அது இறங்காது. விற்க முடியாது, பரிமாற முடியாது.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவைதான் ஆளை ஏமாற்றும். கடையில் பெட்டியாக விற்கும் சில ஸ்விட்ச் கேம்களுக்குள் டவுன்லோடு கோட் மட்டுமே இருக்கும். ஒருவர் அதைப் போட்டுவிட்டால் பெட்டி வெறும் பிளாஸ்டிக். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இல் ‘கேம் கீ கார்டு’ என்று ஒரு வகை சேர்ந்திருக்கிறது. கார்டில் கேம் இருக்காது, சாவி மட்டும் இருக்கும். கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். இது யார் கணக்கோடும் ஒட்டாது என்பதால் தாராளமாக விற்கலாம், வாங்கலாம். நின்டெண்டோவின் சர்வர் இருக்கும்வரைதான் புதிதாக இறக்க முடியும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். 3டிஎஸ், வீ யூ கன்சோல்களில் கேம் வாங்கும் வசதியை அதே நிறுவனம் 2023 மார்ச்சில் மூடியிருக்கிறது. கீ கார்டா முழு கேமா என்பது பெட்டியின் முன்பக்கம் கீழே சாவிப் படத்தோடு அச்சாகியிருக்கும். விற்பவரிடம் முன்பக்கப் படம் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்க் இருந்தாலே முழு கேமும் அதில் இருக்கிறது என்று நம்பிவிடவும் வேண்டாம். 2022-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2-இன் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் சுமார் 70 எம்.பி. மட்டுமே இருந்தது, மிச்சமெல்லாம் டவுன்லோடு. பழைய எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்கைப் புதிய எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் போட்டாலும் டிஸ்க் வெறும் அத்தாட்சிதான், கேம் இணையத்திலிருந்து வந்து இறங்கும். இணையம் இல்லாமல் எந்த டிஸ்க் ஓடும், எது ஓடாது என்று ‘டஸ் இட் ப்ளே’ என்ற குழுவினர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பட்டியலிடுகிறார்கள். விலை கூடிய பழைய டிஸ்க் வாங்கப் போகிறீர்கள் என்றால் அதில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

கணினியில் ஆடுபவர்களுக்கு

பி.சி. கேம் டிஸ்க்கை செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். 2004-இல் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது, கடையில் டிஸ்க்காக வாங்கியவரும் அதை ஸ்டீம் கணக்கில் பதிந்தால்தான் ஆட முடிந்தது. பதிந்தபின் அந்த டிஸ்க் வேறு யாருக்கும் உதவாது. ஜெர்மனியின் நுகர்வோர் அமைப்பு ஒன்று இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2010-இல் அந்நாட்டின் உச்ச நிலை நீதிமன்றம் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் பக்கமே நின்றது. 2008-இல் வந்த ஸ்போர் கேமை மூன்று முறைதான் ஆக்டிவேட் செய்யலாம் என்று முதலில் வைத்திருந்தார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஐந்தாக்கினார்கள். இன்னும் பழைய டிஸ்க் என்றால் வேறு சிக்கல். சேஃப்டிஸ்க் என்ற பூட்டுப் போட்ட கேம்கள் விண்டோஸ் 10-இல் ஓடாது. அந்தப் பூட்டுக்குத் தேவையான டிரைவர் என்ற சிறு மென்பொருளை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக் காரணம் சொல்லி எடுத்துவிட்டது.

விற்க முடியாது என்றானபின், பி.சி.யில் காசை மிச்சம் பிடிக்க வேறு வழிகள் இருக்கின்றன. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள் கேட்டால், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ‘ஸ்டீம் ஃபேமிலீஸ்’ வசதியில் ஒரே வீட்டில் இருக்கும் 6 பேர் வரை தங்கள் கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம். ஜி.ஓ.ஜி. தளத்தில் வாங்கும் கேம்களில் பூட்டே கிடையாது. இன்ஸ்டாலரை இறக்கி வைத்துக்கொண்டால் அந்தத் தளமே மூடினாலும் ஆடலாம். பூட்டு இல்லை என்பதற்காக அதை விற்கலாம் என்று பொருள் இல்லை, அவர்களுடைய ஒப்பந்தம் அதற்கு இடம் தரவில்லை. கேம் கையைவிட்டுப் போகாது என்ற நிம்மதிக்காகவே நான் பி.சி.யில் முதலில் அங்கேதான் தேடுவேன்.

டிஸ்க்கை இன்னும் விற்க முடிகிறதே, எப்படி?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகக் கூடாது என்று நினைக்கிறேன். ஆடுபவர்கள் சத்தம் போட்டுக் காப்பாற்றிய உரிமை இது.

2010-இல் இ.ஏ. என்ற கேம் நிறுவனம் ‘ஆன்லைன் பாஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. புது டிஸ்க்கோடு ஒருமுறை மட்டும் பயன்படும் கோட் வரும். பழைய டிஸ்க் வாங்கியவர் இணையத்தில் மற்றவர்களோடு ஆட வேண்டுமென்றால் சுமார் 10 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். 2013 மே மாதம் அதைக் கைவிட்டார்கள். அடுத்த மாதமே அதைவிடப் பெரிய திட்டத்தோடு மைக்ரோசாஃப்ட் வந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும், இல்லையேல் கேம் ஓடாது. டிஸ்க்கை நண்பருக்குக் கொடுப்பதென்றால் அவர் உங்கள் நண்பர் பட்டியலில் குறைந்தது 30 நாள் இருந்திருக்க வேண்டும், அதுவும் ஒரு கேமை ஒரே ஒருமுறைதான் கொடுக்கலாம். கடையில் விற்பது கேம் நிறுவனம் அனுமதித்தால் மட்டும்.

அதே ஜூனில் நடந்த இ3 கண்காட்சியின்போது சோனி ஒரு குட்டி வீடியோ வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 4-இல் கேமைப் பகிர்வது எப்படி என்று காட்டும் வீடியோ. சோனி அதிகாரி ஷுஹெய் யோஷிதா டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார், பக்கத்தில் நிற்கும் சக அதிகாரி ஆடம் பாய்ஸ் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். அவ்வளவுதான் வீடியோ. ஜூன் 19-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தன் விதிகளை மொத்தமாக வாபஸ் வாங்கியது. அன்று அவை நடைமுறைக்கு வந்திருந்தால், மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போயிருக்கும் என்பதே என் எண்ணம். இன்று நாம் ஒரு டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு போய் விற்க முடிகிறதென்றால் அந்த ஜூன் மாதக் கூச்சலுக்கு அதில் பங்கு உண்டு.

இரண்டாம் படி: வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை

முதலில் உங்கள் கன்சோலைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷன், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இரண்டிலும் டிஸ்க் போடும் இடமே இல்லை. பிளேஸ்டேஷன் 5 புரோவும் டிரைவ் இல்லாமல்தான் வருகிறது. அதற்கும், 2023 முதல் வரும் மெல்லிய டிஜிட்டல் எடிஷனுக்கும் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். மாட்டியதும் ஒருமுறை இணையத்தில் பதிந்தாக வேண்டும். இன்னும் கன்சோல் வாங்கவில்லை என்றால் டிரைவ் உள்ளதையே வாங்குங்கள். டிஜிட்டல் எடிஷனில் மிச்சமாகும் காசு, பழைய டிஸ்க் வாங்க முடியாமல் போவதிலேயே ஒரு வருடத்தில் கரைந்துவிடும்.

டிஸ்க்கைக் கையில் வாங்கியதும் அச்சு இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். போன் டார்ச்சை சாய்வாக அடித்து மெதுவாகச் சுற்றுங்கள். முடி போன்ற மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் தொல்லை தராது, மேலே கெட்டியான பூச்சு இருக்கிறது. நகத்தை வைத்தால் தடுக்கும் அளவுக்குக் கீறல் இருந்தால் வேண்டாம். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் விரிசல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பெட்டியின் நடுப் பொத்தானை அழுத்தாமல் இழுத்து எடுப்பதால் வரும் விரிசல் அது, டிரைவுக்குள் சுற்றும்போது பெரிதாகும். “பாலிஷ் போட்டுத் தர்றேன் தம்பி, புதுசு மாதிரி ஆயிடும்” என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிவிடியில் தகவல் அடுக்கு நடுவில் இருக்கும், மேலே தேய்த்துச் சரிசெய்யலாம். இந்த கேம்கள் ப்ளூ-ரே டிஸ்க்கில் வருகின்றன. அதில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. தேய்த்தால் கேமையே தேய்த்ததாகிவிடும்.

அப்புறம் ரீஜன், அதாவது டிஸ்க் எந்த நாட்டுப் பகுதிக்கானது என்பது. பிளேஸ்டேஷன் 4, 5 டிஸ்க்குகள் எந்த நாட்டுக் கன்சோலிலும் ஓடும். ஆனால் அந்த கேமுக்கு நீங்கள் தனியாக வாங்கும் கூடுதல் பகுதியான டி.எல்.சி. உங்கள் கணக்கின் ரீஜனோடு ஒட்டியது. துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த டிஸ்க் என்றால், கேம் ஓடும், நம் கணக்கில் வாங்கிய டி.எல்.சி. அதில் சேராமல் போகலாம். டி.எல்.சி. வாங்கும் எண்ணம் இருந்தால் நம் கணக்கின் ரீஜனுக்கான டிஸ்க்கையே தேடுங்கள்.

‘அல்டிமேட் எடிஷன்’, ‘டீலக்ஸ் எடிஷன்’ என்று போட்டு விலையை ஏற்றிச் சொல்வார்கள். அந்தக் கூடுதல் சரக்கெல்லாம் பெட்டிக்குள் கோடாகத்தான் வந்திருக்கும், முதலில் வாங்கியவர் போட்டிருப்பார். சாதாரண எடிஷன் விலைக்குக் கேளுங்கள்.

கேம் முழுக்க இணையத்தை நம்பியதா என்பதையும் வாங்குமுன் தேடிப் பாருங்கள். சோனியின் கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23-இல் வெளிவந்து செப்டம்பர் 6-இல் மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த டிஸ்க் இப்போது எங்காவது விற்பனைக்கு வந்தால் அது ஆடுவதற்கு உதவாது. யூபிசாஃப்ட்டின் தி க்ரூ 2014-இல் வந்தது. 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும் என்று செய்திருந்ததால் டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் ஆட முடியவில்லை. இதைப் பார்த்துக் கொதித்துத்தான் ராஸ் ஸ்காட் என்பவர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரை மூடினாலும் கேமை ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலைக்குள் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

மூன்றாம் படி: ‘பிரைமரி’, ‘செகண்டரி’ வலையில் விழாதீர்கள்

இந்தியாவில் பழைய பொருள் விளம்பரங்களில் பிளேஸ்டேஷன் கேம் தேடினால் 5,000 ரூபாய் கேம் 1,000, 1,500-க்கு என்று வரும். கேட்டால், “பிரைமரி வேணுமா, செகண்டரி வேணுமா ப்ரோ?” என்பார்கள். டிஸ்க் கிடையாது. அவர் ஒரு கணக்கைத் திறந்து அதில் கேமை வாங்கி வைத்திருப்பார். ‘பிரைமரி’ வாங்கியவர் அந்தக் கணக்கைத் தன் கன்சோலில் ஏற்றி, அதையே அதன் முதன்மைக் கன்சோலாக வைத்துக்கொண்டு, சொந்தக் கணக்கிலிருந்து ஆடுவார். ‘செகண்டரி’ வாங்கியவர் அந்தக் கணக்குக்குள் நுழைந்து, இணையத்தோடுதான் ஆட முடியும். ஒரு கேமை இரண்டு பேருக்கு விற்றாயிற்று.

கணக்கு அவருடையது என்பதுதான் இதில் பிரச்சினை. அவர் கடவுச்சொல்லை மாற்றலாம். எல்லாக் கன்சோல்களிலிருந்தும் கணக்கை ஒரே சொடுக்கில் கழற்றலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோனியே அதற்கு இடம் தருகிறது. கணக்கை விற்பது விதிமீறல் என்பதால், சோனி அந்தக் கணக்கை முடக்கினால் உங்களால் யாரிடமும் முறையிட முடியாது. வாங்கியது எதையும் பிறகு விற்கவும் முடியாது. ஸ்டீம் கணக்கை மொத்தமாக விற்கிறேன் என்று வருபவர்களுக்கும் இதே பதில்தான்.

நான்காம் படி: பழைய கன்சோல் என்றால்

காசு கொடுக்குமுன் கன்சோலை உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஸ்டோர் திறக்கிறதா என்று பாருங்கள். திருட்டு கேம் ஓட்டிய ஸ்விட்ச் 2 கன்சோல்களை நின்டெண்டோ இணையச் சேவையிலிருந்தே விலக்கிவிடுகிறது. தடை கன்சோலோடு போகும், புது உரிமையாளர் என்று பார்க்காது. அப்படித் தடையான கன்சோலில் கீ கார்டு கேம் எதையும் இறக்க முடியாது.

பழைய ஸ்விட்ச் கார்டிலும் ஒரு கண் வையுங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் தனி அடையாளம் உண்டு. ஒருவர் அதைக் காப்பி எடுத்துக்கொண்டு அசலை உங்களிடம் விற்றிருந்தால், ஒரே அடையாளம் இரண்டு கன்சோலில் தெரியும், தடை உங்கள் தலையில் விழலாம். 2025-இல் இப்படி மாட்டிக்கொண்ட ஒருவர், தான் வாங்கிய விளம்பரத்தையும் கார்டின் படத்தையும் நின்டெண்டோவிடம் காட்டித் தடையை நீக்கிக்கொண்டார். அதனால் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய சாட், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் அழிக்காமல் வையுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

வாங்கிய பிரதியை மறுபடி விற்கும் உரிமை அமெரிக்காவில் 1908-ஆம் வருட வழக்கிலிருந்து வருகிறது. ஒரு பதிப்பகம் தன் நாவலில், ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அச்சிட்டது. மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. ஒருமுறை விற்றபின் அந்தப் பிரதியின் மேல் பதிப்பகத்துக்கு அந்தப் பிடி கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜப்பானில் கேம் நிறுவனங்கள் பழைய கேம் கடைகளை நிறுத்தப் பார்த்தன. 2002 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கடைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

டவுன்லோடு விஷயத்தில்தான் கதவு சாத்தியிருக்கிறது. 2012-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், இறக்கிய மென்பொருளையும் மறுவிற்பனை செய்யலாம் என்றது. அதை வைத்து பிரெஞ்சு நுகர்வோர் அமைப்பு ஒன்று வால்வ் மேல் வழக்குத் தொடுத்து 2019-இல் பாரிஸில் வென்றது. ஆனால் 2022-இல் மேல்முறையீட்டில் தோற்றது, 2024 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கேம் என்பது வெறும் மென்பொருள் இல்லை, இசை, படம், கதை எல்லாம் சேர்ந்த படைப்பு, அதற்கு அந்த 2012 தீர்ப்பு பொருந்தாது என்பது நீதிமன்றத்தின் வாதம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. டிஸ்க்கிலும் அதே இசையும் கதையும்தானே இருக்கின்றன? கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று கடைகள் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற பொத்தானை வைக்கக் கூடாது. ஸ்டீமில் பணம் கட்டும் இடத்தில் அந்த வரியைப் பார்க்கலாம்.

இந்தியாவில் பூட்டை உடைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கோடு இப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் 2 வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. பூட்டை உடைத்து ‘மாட்’ செய்த கன்சோலை விற்பதும் வாங்குவதும் வேண்டாம்.

ஐந்தாம் படி: விற்கும்போது

டிஸ்க்கை விற்க உங்கள் கணக்கில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. உங்கள் சேவ் ஃபைல் கன்சோலிலேயே இருக்கும், டிஸ்க்கோடு போகாது. என்றாவது அதே கேமைத் திரும்ப வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விற்பதென்று முடிவெடுத்தால் சீக்கிரம் விற்றுவிடுங்கள். ஸ்டோரில் தள்ளுபடி வந்தாலோ, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் பட்டியலில் அந்த கேம் சேர்ந்தாலோ பழைய டிஸ்க்கின் விலை சட்டென்று இறங்கும்.

கன்சோலையே விற்பதென்றால் ரீசெட் செய்வதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. சேவ் ஃபைல்களை கிளவுடிலோ யூ.எஸ்.பி.யிலோ எடுத்துவைப்பது ஒன்று. பிளேஸ்டேஷன் 5-இல் ‘கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே’, எக்ஸ்பாக்ஸில் ‘ஹோம் எக்ஸ்பாக்ஸ்’ இரண்டையும் அணைப்பது மற்றொன்று. அப்புறம் முழு ரீசெட். டிரைவுக்குள் டிஸ்க் ஏதும் மாட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

விளம்பரத்தில் டிஸ்க்கின் அடிப்பக்கப் படத்தைப் போடுங்கள், ரீஜன், கோட் போட்டாயிற்றா இல்லையா என்ற இரண்டையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். கூரியரில் அனுப்பினால் டிஸ்க் பெட்டிக்குள் ஆடாமல் இருக்க நடுவே ஒரு மெல்லிய துணியோ டிஷ்யூவோ வைத்து, மூடும்வரை வீடியோ எடுத்துக்கொண்டு, வாங்குபவரையும் திறக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.